செங்கோட்டைக் கணவாயில் ஜியோகேச் ஒளிப்பது: புதிதாக வருபவர்களுக்கு

2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அதற்கு முந்தைய நாள்தான் நீக்கியிருந்தது. இனி ஒரு கருவி நம்மைச் சில மீட்டர் துல்லியத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துமா என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். வாளியில் ஒரு நோட்டு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் ஆகியவை இருந்தன. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். சில நாட்களில் ஒருவர் போய்க் கண்டுபிடித்துவிட்டார். ஜியோகேச்சிங் தொடங்கியது அப்படித்தான். ஒருவர் ஒரு பெட்டியை (ஜியோகேச்) ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். விளையாட்டு இவ்வளவுதான்.

அந்த முதல் வாளியை இன்றைய விதிப்படி யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நில உரிமையாளர் வெளிப்படையாக அனுமதிக்காமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உள்ளே உணவு இருக்கக் கூடாது. இந்த விதிகள் எல்லாமே எங்கோ ஒரு பெட்டி ஏற்படுத்திய தொல்லையிலிருந்து வந்தவை. நில உரிமையாளருக்கு, விலங்குக்கு, காவல் துறைக்கு, வழிப்போக்கருக்கு என்று ஒவ்வொரு விதிக்கும் பின்னால் விளையாட்டில் இல்லாத ஒருவர் இருக்கிறார். புதிதாகப் பெட்டி வைப்பவர் மனதில் முதலில் வர வேண்டியவரும் அவர்தான். தேடி வருபவர் கண்ணுக்குப் பெட்டி மறைந்திருந்தால் போதும். தெரியாமல் அதன்மேல் கை வைத்துவிடும் ஆடு மேய்ப்பவருக்கு, ரப்பர் வெட்டுபவருக்கு, நூறு நாள் வேலைக்கு வந்த அம்மாவுக்கு அந்தப் பெட்டி தன்னைத் தானே விளக்கிவிட வேண்டும்.

தென்காசி, செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று நீளும் இந்தக் கணவாய்ப் பகுதியில் அது இன்னும் முக்கியம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு (கடைசி சில ஆண்டுகள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு) இருந்தது. சங்கு முத்திரை போட்ட நுழைவு வளைவு இன்னும் ஊர் முகப்பில் நிற்கிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இரண்டு மாநில வனத்துறை, இரண்டு மாநிலக் காவல் துறை, நடுவில் சோதனைச் சாவடி. நெல்வயலும் தென்னந்தோப்பும் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. இடம் தெரியாமல் பெட்டி வைத்தால் அது விளையாட்டாக முடியாது.

எங்கே வைக்கக் கூடாது என்பதிலிருந்தே தொடங்கலாம். தமிழகப் பக்கம் நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது. கேரளப் பக்கம் தென்மலையை ஒட்டிய செந்துருணி சரணாலயம் 1984 முதல் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதையே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பெட்டி வைத்தால் நீங்கள் மட்டும் நுழைந்தவர் ஆவதில்லை, பின்னால் வரும் ஒவ்வொருவரையும் நுழையச் சொன்னவர் ஆகிவிடுகிறீர்கள். காப்புக்காடும் அப்படியே. எல்லை எங்கே ஓடுகிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது ரயில் பாதை. 1904இல் தொடங்கிய செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும், கழுதுருட்டியில் உள்ள பதிமூன்று கண் பாலமும் பார்ப்பவர் எல்லாருக்கும் பிடிக்கும். படம் எடுக்க நல்ல இடம், ஆனால் பெட்டி வைக்க ஆகாது. அகலப்பாதையாக மாறியபின் அதில் ரயில்கள் ஓடுகின்றன. பாதையில் அத்துமீறி நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அணைகள் (குண்டாறு, அடவிநயினார், தென்மலை), சோதனைச் சாவடி, பள்ளிக்கூடம், ஏடிஎம், பேருந்து நிலையம், மின்மாற்றி, பெரிய பாலத்தின் அடிப்பகுதி ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். நில அளவைக் கற்களை அசைக்கவோ அவற்றின் அடியில் எதையும் செருகவோ கூடாது. அந்தக் கல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் இரண்டு குடும்பத்துக்குள் பத்தாண்டு வழக்கு வந்துவிடும்.

கோயில் வளாகம், சுடலைமாடன் பீடம், கேரளப் பக்கத்துச் சர்ப்பக்காவு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். மரியாதை ஒரு காரணம். இன்னொன்றை வெளியூரிலிருந்து வருபவர்கள் யோசிப்பதே இல்லை. உலகம் முழுக்கப் பிரபலமான மைக்ரோ கேச் என்பது சுண்டுவிரல் அளவு உலோகக் குழாய், உள்ளே சுருட்டிய தாள். கோயில் மரத்தடியிலோ வீட்டு வாசல் கல்லிடுக்கிலோ அப்படி ஒன்று கிடைத்தால், செய்வினைத் தகடு என்றுதான் இங்கே முதலில் நினைப்பார்கள். தாளில் வரிசையாகப் பெயர்கள் வேறு எழுதியிருக்கும். அந்த வீட்டில் அடுத்த காய்ச்சலுக்குப் பழி யார்மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். உலோகக் குழாயை இந்தப் பகுதியில் தவிர்த்துவிடுவதே நல்லது.

கறுப்பு டேப் சுற்றிய பெட்டிக்கும் இதே கதிதான், அபாயம் இன்னும் அதிகம். காட்டோரத் தோட்டங்களில் பன்றியைக் கொல்ல வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி டேப்போ துணியோ சுற்றித்தான் இருக்கும். கேரளப் பக்கம் இதைப் பன்னிப்படக்கம் என்கிறார்கள். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடிமருந்து வைத்த காயைக் கடித்து ஒரு கர்ப்பிணி யானை செத்தபின், வரப்போரம் கிடக்கும் எந்தப் பொட்டலத்தையும் மக்கள் அச்சத்தோடுதான் பார்க்கிறார்கள், அது நியாயமான அச்சம். இலைநிறம் வேண்டும் என்று பெட்டி முழுக்கப் பெயின்ட் அடிப்பதும், மேலே டேப் சுற்றுவதும், வயர் கொண்டு கட்டுவதும் கூடாது. பெட்டி உள்ளே தெரியும்படி இருக்கட்டும். மறைப்பு வேண்டுமென்றால் பெட்டிக்கு மேலே ஒரு கல், இரண்டு காய்ந்த தென்னம்பாளை போதும்.

அப்படியானால் எங்கே வைப்பது? ஒரு ஆளின் பொறுப்பில் இருக்கும் இடத்தில். பட்டா நிலத்துத் தோப்பின் பம்பு செட் அறைச் சுவர், சாலையோரத் தேநீர்க்கடையின் பின்புறக் கல்கட்டு, நாற்றுப்பண்ணை வேலி, தங்கும் விடுதித் தோட்டம் மாதிரி இடங்கள். உரிமையாளரிடம் பெட்டியைக் கையில் கொடுத்து, திறந்து காட்டி, ஆட்கள் எப்போதாவது வருவார்கள், பகலில் மட்டும் வரச் சொல்லுவோம், வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம் என்று பேசிவிட வேண்டும். புறம்போக்கு என்றால் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்க வேண்டும். குளத்தங்கரை ஆசையைத் தூண்டும், ஆனால் அங்கே வைக்கும் பெட்டி நிலைப்பதில்லை. கரையில் நூறு நாள் வேலை நடக்கும், சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்குவார்கள், பெட்டியும் மண்ணோடு போய்விடும். கேரளப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மேலாளருக்குத் தெரியாமல் வைக்கவே வேண்டாம். விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்ட வருபவர்கள், மரங்களுக்கிடையே குனிந்து தேடும் அந்நியரை ஷீட்டும் ஒட்டுப்பாலும் திருட வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அனுமதி கொடுத்தவரின் பெயர், ஒப்புக்கொண்ட தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். ஜியோகேச்சிங் இணையதளத்தில் பெட்டிக்கான பக்கத்தைப் பதிவேற்றும்போது, அதைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவருக்கான தனிக் குறிப்பில் அதை எழுத வேண்டும். ரிவ்யூவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வரைபடத்தைத்தான் பார்க்க முடியும், இடத்தை அவர்கள் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

வைப்பதற்கு முன் குறைந்தது 20 பெட்டிகளையாவது தேடிக் கண்டுபிடியுங்கள் என்பது ஜியோகேச்சிங் தலைமையகத்தின் பரிந்துரை. நம் பக்கம் பெட்டிகள் மிகக் குறைவு, 20 தேடவே பல ஊர் போக வேண்டியிருக்கும். இருந்தாலும் போவது நல்லது. ஈரத்தில் ஊறிக் கூழான தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்தான் பெட்டி வாங்கும்போது மூடியைத் திருப்பிப் பார்ப்பார்.

பெட்டிக்கு வருவோம். ஆரியங்காவு இடைவெளி வழியாக ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவந்து கொட்டும். குற்றாலம் களைகட்டுவது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சமவெளியில் ஒரு மழைக்காலம் தாங்கும் பெட்டி இங்கே இரண்டைத் தாங்க வேண்டும். நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும், சிலிக்கான் வளையம் வைத்த டப்பா, 400 முதல் 700 மில்லி வரை, சரியாக இருக்கும். விளையாட்டின் கணக்கில் 100 மில்லிக்குக் குறைந்தது மைக்ரோ, 100 மில்லி முதல் 1 லிட்டர் வரை ஸ்மால், அதற்குமேல் 20 லிட்டர் வரை ரெகுலர். சிறிய பெட்டிதான் வேண்டுமென்றால், சோடா பாட்டிலாக ஊதுவதற்கு முன் இருக்கும் கெட்டியான பெட் (PET) பிளாஸ்டிக் குழாய் கிடைக்கிறது. அதன் திருகு மூடி நன்றாக நீரை அடைக்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும். மாத்திரை டப்பா, பழைய பிலிம் டப்பா, ஊறுகாய் பாட்டில் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் ஒழுகும். மூன்றாவதை எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாது, எறும்பு வரும், குரங்கு வரும். எவர்சில்வர் டப்பா பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சோதிக்காமல் வைக்காதீர்கள். உள்ளே உலர்ந்த டிஷ்யூ தாள் ஒன்றைப் போட்டு மூடி, கல்லைக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரில் 24 மணி நேரம் அமுக்கி வையுங்கள். அதில் தேறினால், இரண்டாவது சோதனை: டப்பாவை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, சூட்டோடு எடுத்து அப்படியே தண்ணீருக்குள் அமுக்குங்கள். முதல் சோதனையில் தேறும் டப்பாக்களில் பல இதில் தோற்கும். வெயிலில் உள்காற்று 55 டிகிரி வரை சூடாகிறது, திடீர் மழையில் 25 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். அந்தக் குறைவு, மூடி விளிம்பில் நிற்கும் நீரை வளையத்தின் வழியாக உள்ளே உறிஞ்சும். வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும் இந்தக் கணவாயில் நல்ல டப்பாவும் நனைவதற்கு இதுதான் காரணம், மழையின் அளவு அல்ல. ஆகவே எப்போதும் நிழலில் இருக்கும் கல்லிடுக்கில், மூடி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வைக்க வேண்டும். வெயில் படாத இடத்தில் கிளிப்பின் மடிப்பும் சீக்கிரம் நொறுங்காது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஈரம் இழுக்கும். சாரல் காலத்தில் ஒருமுறை திறந்து மூடினாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு அதுவே ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். பதிவேட்டுக்குக் கெட்டித் தாள், அதை ஒரு ஜிப் பையில் போட்டு, மாற்றுப் பை ஒன்றும் வையுங்கள். ஜெல் பேனா கரையும், பந்துமுனைப் பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில்தான் நிற்கும். கூர் சீவிய நீளப் பென்சில் பையைக் குத்திவிடும். இரண்டு அங்குலத் துண்டு போதும், கூரைச் சற்று மழுக்கி வையுங்கள். கரையான் உள்ள மண்ணில் தாள் நேரடியாகத் தரையில் படக் கூடாது.

தேடி வருபவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைப்பதற்காக உள்ளே போடும் பரிமாற்றப் பொருட்களில் சாவிக்கொத்து, கோலிக்குண்டு, பட்டன், சின்னப் பொம்மை சரி. மிட்டாய், சோப்பு, ஊதுவத்தி, மருந்து, லைட்டர், தீப்பெட்டி, பட்டாசு, கத்தி எதுவும் ஆகாது. வாசனை வந்தால் விலங்கு வரும். மற்றவை குழந்தை கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதே கணக்கு.

மூடியின் உட்புறம், வெளியே படிக்கத் தெரியும்படி, ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பெட்டியிலேயே மிக முக்கியமான பாகம் இது என்பது எங்கள் முடிவு. தமிழிலும் அதன் கீழே மலையாளத்திலும் இப்படி எழுதலாம்: ‘இது ஜியோகேச்சிங் என்ற விளையாட்டுக்கான பெட்டி. உள்ளே பெயர் எழுதும் தாளும் சிறு பொருட்களும் மட்டுமே உள்ளன. ஆபத்து எதுவும் இல்லை. நிலத்துக்காரர் சம்மதத்தோடு வைத்திருக்கிறோம். திறந்து பார்த்துவிட்டு, இருந்தபடியே மூடி வைத்துவிடுங்கள். இடைஞ்சல் என்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.’ அடியில் உங்கள் கைபேசி எண். லேசர் பிரிண்ட் எடுங்கள், இங்க்ஜெட் மை ஈரத்தில் பரவும். மலையாளத்தை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடாமல் ஆரியங்காவுப் பக்கத்து ஆள் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்துங்கள்.

வைக்கும் பொந்து எவ்வளவு ஆழம் என்பதற்கு எளிய அளவு உண்டு: கையை விடும் முன் கண் எட்ட வேண்டும். இந்த மலையடிவாரக் கல்லிடுக்குகளில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் தேளும் இருக்கும். டார்ச் அடித்தால் பின்சுவர் வரை தெரியாத பொந்து எதுவும் வேண்டாம். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கம்பி சுற்றினாலும் பட்டை அறுபடும். கல்லை அடுக்கிப் புது இடுக்கு உண்டாக்கலாம், பழைய வேலிக் கல்லை உருவக் கூடாது. பெட்டி இருக்கும் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு நடைபாதை போக வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேர் வந்து போனதும் வயல் நடுவே ஒரு தடம் விழும்.

புதியவர்கள் அதிகம் தவறும் இன்னொரு இடம் கோஆர்டினேட், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண். இந்த விளையாட்டு டிகிரியும் தசம நிமிடமும் பயன்படுத்துகிறது. வடக்கு 8° 58.411 என்றால் 8 டிகிரி, 58.411 நிமிடம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் சுமார் 1.8 மீட்டர் மாறும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கைபேசி வரைபடம் பல நேரம் டிகிரி, நிமிடம், விநாடி என்று காட்டும். 8° 58′ 24″ என்பதைப் பார்த்து 58.240 என்று தட்டிவிடுவது வழக்கமான பிழை. 24 விநாடி என்பது 0.4 நிமிடம், ஆகவே 58.400 என்று வர வேண்டும். தவறாகத் தட்டினால் தேடுபவர் ஏறக்குறைய 300 மீட்டர் தெற்கே, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் நிற்பார்.

எண்ணை ஒரே தடவையில் எடுக்காதீர்கள். கைபேசியைப் பெட்டி இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் விட்டு, சிக்னல் நிலைத்தபின் குறியுங்கள். பிறகு 50 மீட்டர் தள்ளிப் போய், வேறு திசையிலிருந்து திரும்பி வந்து மறுபடி. வேறொரு நாள் மீண்டும். தென்னை மட்டையும் ஈர இலையும் பாறைச் சுவரும் சிக்னலைத் திருப்பி அடிப்பதால் ஒரு அளவு திடீரென்று விலகும். உதாரணமாகக் கடைசி மூன்று இலக்கம் 412, 405, 417, 409, 452 என்று வந்தால், 452 ஒதுங்கி நிற்கிறது, அதை விட்டுவிடுங்கள். மீதி நாலின் சராசரி 411. அதே போலக் கிழக்குக்கும். கடைசியில் அந்த எண்ணை இன்னொருவர் கைபேசியில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். அவர் 5 மீட்டருக்குள் வந்து நின்றால் பதிவேற்றலாம். வேறு பெட்டியிலிருந்து 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி இங்கே அரிதாகவே குறுக்கிடும்.

பக்கத்தில் எழுதும் குறிப்பில் ஒரு நுணுக்கம். பெட்டி இருக்கும் இடத்துக்கு நாம் தரும் துப்பை மறைக்க, ஜியோகேச்சிங் தளம் ரோமன் எழுத்துகளை 13 இடம் நகர்த்திக் காட்டுகிறது. தமிழ் எழுத்துக்கு அந்த வேலை நடக்காது. துப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தைத் திறந்ததுமே எல்லாருக்கும் தெரியும். மறைய வேண்டியதை ரோமன் எழுத்தில் போட்டு, மற்ற விவரத்தைத் தமிழில் தாராளமாக எழுதுங்கள். எங்கே வண்டி நிறுத்துவது, எந்த நேரம் வரக்கூடாது, சாரலில் ஓடையைக் கடக்க முடியுமா, யாரிடம் சொல்லிவிட்டுத் தேட வேண்டும் என்பவை எல்லாம் அதில் வர வேண்டும். பக்கத்தில் நிலக் கடின மதிப்பெண்ணாக 1 கொடுத்தால் சக்கர நாற்காலியில் வருபவர் எட்ட முடியும் என்று பொருள். வரப்பில் நடந்து போக வேண்டிய இடத்துக்கு அது பொருந்தாது.

காட்டைக் காட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்கு எர்த்கேச் இருக்கிறது. 2004இல் தொடங்கிய இந்த வகையில் பெட்டியே கிடையாது. நிலவியல் சிறப்புள்ள ஒரு இடத்துக்கு வரச் சொல்லி, கண்ணால் பார்த்துப் பதில் சொல்லும் கேள்விகளைக் கேட்பீர்கள். தென்மலை–அச்சன்கோவில் வழியே போகும் பெரிய நிலப்பிளவு வலயம் நிலவியலாளர்கள் நன்கு அறிந்த ஒன்று. பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள சாலையோரப் பாறை வெட்டில் அதைப் பற்றி ஒரு நல்ல எர்த்கேச் எழுதலாம். நனையாது, தொலையாது, குரங்கு தூக்காது. முதல் முயற்சிக்கே இதைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது, ஆனால் பாறையைப் பற்றிப் படிக்காமல் எழுத முடியாது.

பெட்டி வைத்தபின்தான் உண்மையான வேலை. பொங்கலுக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஊருக்கு வந்து, உற்சாகத்தில் ஒன்றை வைத்துவிட்டு, மூன்றாம் நாள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அப்புறம் அடுத்த பொங்கல்தான். விடுமுறைப் பெட்டிகளை விதி அனுமதிக்காததற்குக் காரணம் இதுவே. நீங்கள் ஊரில் இல்லையென்றால் பராமரிக்கப் போகும் மச்சானோ சித்தப்பா மகனோ யாரென்று ரிவ்யூவரிடம் சொல்ல வேண்டும், அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பெட்டி நிறைய உள்ள நாடுகளில் வாரம் ஒருவர் தேடி வந்து நிலவரம் எழுதிவிடுவார். இங்கே ஆறு மாதம் யாரும் வராமல் இருக்கலாம், பெட்டி போனதே தெரியாது. ஆகவே நீங்களாகவே ஆனி பிறக்கும் முன் ஒருமுறை, ஆடி கழிந்ததும் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வளையத்தில் மண் ஒட்டியிருந்தால் துடையுங்கள், ஒரே ஒரு மணல் போதும் ஒழுக. தாள் முக்கால்வாசி நிறைந்திருந்தால் மாற்றுங்கள். நிலத்துக்காரரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். நிலம் கைமாறியிருந்தால் பழைய சம்மதம் செல்லாது.

கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதினால் பக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். பல வாரம் அப்படியே கிடந்தால் ரிவ்யூவர் பக்கத்தை மூடிவிடுவார். கிடைக்காதவர் தானாகவே ஒரு புதுப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போக முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழையது இன்னும் அங்கேயே இருக்கும், இரண்டு பெட்டி ஆகிவிடும், ஒன்றுக்கு யாரும் பொறுப்பில்லை.

பக்கத்தை மூடுவது இணையத்தில் ஒரு பொத்தான்தான். அதை அழுத்துவதற்கு முன் இடத்துக்குப் போய்ப் பெட்டியை எடுங்கள், மூடியாக வைத்த கல்லைப் பழைய இடத்தில் போடுங்கள், இடம் கொடுத்த தேநீர்க்கடைக்காரரிடம் எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் விட்டால், அடுத்த வருடம் யாராவது அந்தச் சுவருக்குப் பின்னால் குனியும்போது அது உங்கள் பெட்டிக்காகத்தான் என்று அவர் சும்மா இருந்துவிடுவார்.